வெள்ளூரணி நேர்ரோடு

வெள்ளூரணி ரயில்வே கேட்டுப் பக்கம் வந்ததும் ரயிலுக்கு ஏதோ கோளாறு என்று புது ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். விருதுநகரில் புறப்பட்டுத் துலுக்கபட்டி தாண்டுகிறவரை நன்றாகத்தான் வரும். அதற்கப்புறம் கரிசல் தொடங்குகிற இடத்தில் மஞ்சள் வர்ணம் அடித்த பலகை ஒன்று நின்றது. அதைக் கண்டதும் டிரைவர் ஒரு விசிலைக் கொடுத்துவிட்டு வேகத்தைக் குறைப்பார். வண்டி ஊர்ந்து ஊர்ந்து கேட்டைக் கடந்து, ஓடைப்பாலம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். புஞ்சையில் களையெடுக்கிற பெண்களும் ஜன்னலோரத்தில் இருக்கிறவர்களும் எந்த ஊர், யார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறீர்கள் என்பதுவரை விசாரித்துக்கொள்ள அந்த நேரம் தாராளமாகப் போதும்.

அந்த இடத்தில் தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங்குக்கு மேஸ்திரி சோலைச்சாமி. தண்டவாளம் கிடக்கிற பாதையை ரயில்வேக்காரர்கள் ரோடு என்றுதான் சொல்வார்கள். சோலைச்சாமியின் ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. ஒரு வளைவு கிடையாது, ஏற்றம் கிடையாது. ஆனால் மண் கரிசல். மழை பெய்தால் கூழாகக் குழைந்து, ஒவ்வொரு வண்டி போகும்போதும் தண்டவாளத்தைத் தாங்குகிற கட்டைக்கு அடியிலிருந்து சேறாகப் பிதுங்கும். கோடையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு விடும். கல்லைப் போட்டு எத்தனை இறுக்கினாலும் கரிசல் தின்றுவிடும். சோலைச்சாமி வேலைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பலகையை நட்டுவிட்டார்கள். ஊருக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? பலகைக்கு நொண்டிப் பலகை என்றும் ரோட்டுக்கு நொண்டி ரோடு என்றும் பேர் வைத்தாயிற்று.

அந்தப் பேரில் பாதியைச் சுமந்தவள் அவர் பெண்சாதி வெள்ளைத்தாய். அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்கு வேலை, சரம் பின்னுவது. கேட்டுப் பக்கத்துக் கேங் குடியிருப்பிலிருந்து விடியற்காலையில் நடந்து போவாள். மத்தியானம் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தால் கம்பஞ்சோற்றுக்கும் சீனியவரை வத்தலுக்கும் கூடவே கேலியும் வந்துவிடும். வெள்ளைத்தாயின் வீட்டுக்காரர் ரோட்டில் ரயிலைவிட்டு இறங்கி, ஒண்ணுக்குப் போய்விட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அதை அவரிடம் சொன்னதில்லை. சோலைச்சாமியின் தங்கச்சி வீரலட்சுமிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அவள் மட்டும் சண்டைக்குப் போவாள்.

அந்த வருசம் தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி மூடியிருந்த வாரம். டிராலியில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் இன்ஸ்பெக்டர் சேசுராஜ். விருதுநகரிலிருந்து ரோட்டை மேற்பார்வை பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அதே வெள்ளைச் சட்டையோடு கேங்கைப் பார்க்க வந்துவிடுகிற மனுசன். இன்னொருவர் மெட்ராஸிலிருந்து வந்த எஞ்சினியர் கனகசபாபதி. வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது.

விஷயத்தை சேசுராஜ்தான் சொன்னார். மீட்டர்கேஜ் என்கிற சின்னப் பாதைக்கென்று புதிதாக டீசல் எஞ்சினும் இரும்புப் பெட்டிகளும் வந்திருக்கின்றன. இதுவரை யாரும் போகாத வேகத்துக்குப் போகக்கூடியவை. ஆனால் ஜனங்களை ஏற்றுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு ரோடு வேண்டும். வளைவு இருக்கக்கூடாது, மேடு பள்ளம் கூடாது, மற்ற வண்டிகளின் நெரிசலும் கூடாது. விழுப்புரத்துப் பக்கம் பார்த்தார்கள், வண்டிக்கு மேல் வண்டி. மானாமதுரைப் பக்கம் பார்த்தார்கள், கண்மாய்க்குக் கண்மாய் வளைவு. மாதக்கணக்காகத் தேடித் தேடி, படத்தில் கோடு நேராகத் தெரிந்த இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

வெள்ளைத்தாய் வெள்ளரிக்காயை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். கனகசபாபதி நின்றுகொண்டே தின்றார். கண் மட்டும் தண்டவாளத்தின் மேலேயே இருந்தது.

"ரோடு நேரா இருக்கு மேஸ்திரி. இந்த மாதிரி நேர்ரோடு நான் எங்கேயும் பார்க்கல. ஆனா இந்தப் பலகை நிக்கிற இடத்துல நான் எப்படி வேகமா வண்டி விடுறது?"

"பலகைய நட்டது மண்ணுங்கய்யா," என்றார் சோலைச்சாமி. "மண்ண மாத்திட்டா பலகை தானாப் போயிரும்."

மண்ணை மாற்றுவதா என்று எஞ்சினியர் சிரித்தார். சேசுராஜ் சிரிக்கவில்லை. கட்டைக்கு அடியில் கிடக்கிற கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, சரளையைக் கெட்டியாக நிரப்பி, ஓரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்தால் நிற்கும் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். சரளை லோடுக்கு யாரும் ஆர்டர் கொடுக்காததால் அந்தப் பேச்சு பேச்சாகவே கிடந்தது. இரண்டு பேரும் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார்கள். கடைசியில் கனகசபாபதி சரளைக்கு ஆர்டர் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

"மழை முடிஞ்சதும் வந்து பார்ப்பேன். ரோடு இறங்காம இருந்தா ஓட்டம் இங்கதான். பலகையும் போயிரும். இறங்கிடுச்சுன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன். உங்க பலகை உங்ககிட்டயே இருக்கும்."

டிராலி போனபிறகு சோலைச்சாமி கஞ்சி குடிக்க உட்கார்ந்தார். மோர்மிளகாயைக் கடித்தவர் மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை.

"நம்ம ரோட்ட விட்டா இம்புட்டுப் பெரிய நாட்டுல வேற ரோடே இல்லியாக்கும்?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

"இல்ல புள்ள. அம்புட்டு நேரு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் வேலையைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது, ஏனென்றால் மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

சரளை வந்து இறங்கியது. கேங்கில் இருந்த ஆட்கள் போதாது. கம்பெனி மூடிக்கிடந்ததால் சரம் பின்னுகிற பெண்களைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். வீரலட்சுமிதான் ஆள் திரட்டினாள். கந்தகமும் பசையும் ஒட்டியிருந்த விரல்களால் சரளைக் கூடையைத் தூக்கி வரிசையாக நின்று கைமாற்றினார்கள். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள் நாலைந்து கட்டைகளுக்கு அடியில் கரிசலைத் தோண்டி எடுக்கவேண்டும், சரளையைக் கொட்டவேண்டும், ஜல்லியைத் தள்ளவேண்டும், ஆண்கள் எதிரும் புதிருமாக நின்று பீட்டர் என்கிற இரும்புக் கருவியால் அடித்து இறுக்கவேண்டும். தூரத்தில் விசில் கேட்டதும் எல்லாரும் சாமான்களோடு ஒதுங்குவார்கள். வண்டி மெதுவாகத்தான் போகும். ஜன்னலிலிருந்து, என்ன தோண்டுகிறீர்கள், புதையலா என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சோலைச்சாமி தண்டவாளத்தின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடி, கோடு போகிற போக்கைப் பார்ப்பார். முடி அளவு மேடு பள்ளம் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எழுந்திருக்கும்போது கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு ஒட்டியிருக்கும். அதோடுதான் வீட்டுக்கு வருவார். வெள்ளைத்தாய் முந்தானையால் துடைத்துவிடுவாள்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. அந்த வருசம் ஏன் அப்படிப் பெய்தது என்று தெரியவில்லை. ஆனைக்குட்டம் பக்கமெல்லாம் வெள்ளக்காடு என்றார்கள். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு சோலைச்சாமி ஓயாமல் நடந்துகொண்டே இருந்தார். ஓடைப்பாலத்துக்கு முன்னால் ஓரிடத்தில் ரோடு லேசாக இறங்கியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூலி இல்லை என்று தெரிந்தும் கம்பெனிப் பெண்கள் மழையில் வந்து நின்றார்கள். மறுபடி தோண்டி, மறுபடி நிரப்பினார்கள். கடவுளுக்கே கண் கூசும்படி வேலை பார்த்தார்கள் என்று பிறகு சேசுராஜ் சொன்னார், கடவுள் விஷயத்தில் சும்மா வார்த்தை விடுகிறவர் அல்ல அவர்.

கார்த்திகை போய் மார்கழியும் போயிற்று. ரோடு இறங்காமல் நின்றது. தை பிறந்ததும் கனகசபாபதி வந்து, மட்டக்கோல் வைத்துப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். சோதனை ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். மஞ்சள் பலகையின்மேல் இப்போதைக்கு ஒரு சாக்கைப் போட்டு மூடச் சொன்னார் சேசுராஜ். ஓட்டம் சரியாக நடந்தால் பிடுங்குவது, இல்லையென்றால் சாக்கை எடுத்துவிடுவது.

ஊருக்கு உத்தரவு வந்தது. அன்றைக்கு ஆடு மாடு ரோட்டுப் பக்கம் வரக்கூடாது, ஆட்கள் வேலிக்கு வெளியேதான் நிற்கவேண்டும், யாரும் குறுக்கே போகக்கூடாது. எல்லாம் சொன்னார்கள். வெடி போடக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

அந்த ஊர்ப்பக்கம் நல்லது எதுவும் ஓசையில்லாமல் வந்ததில்லை. முதல் பஸ் வந்தபோது வெடி. கிணற்றில் தண்ணீர் கண்டால் வெடி. பெண் வீட்டுக்குள் கால் வைக்கும்போது வெடி. வெடி போடாமல் வருகிற மருமகளை, என்னம்மா களவாணித்தனமா வந்திருக்கா என்று கேட்கிற ஜனங்கள் அவர்கள். அப்படியிருக்க, தங்கள் கையால் சரளை சுமந்து போட்ட ரோட்டில், நாட்டிலேயே வேகமான ரயில் வருகிறது. அது ஊமையாகப் போவதா? வீரலட்சுமி கம்பெனி முதலாளியிடம் கேட்டாள். அவரும் சந்தோஷமாக நீளமான சரம் ஒன்றைக் கொடுத்தார்.

வெள்ளைத்தாய் யோசிக்காமல் இல்லை. ரயில்வேயிலும் ஒரு வெடி உண்டென்று அவளுக்குத் தெரியும். புருசனின் தகரப் பெட்டியில் வட்டமாக, தகர மூடி மாதிரி இருக்கும். தண்டவாளம் முறிந்திருந்தால் அதைத் தண்டவாளத்தின்மேல் கட்டிவிடுவார்கள். சக்கரம் ஏறினால் வெடிக்கும். டிரைவர் ஏன் எதற்கென்று கேட்காமல் வண்டியை நிறுத்தியாகவேண்டும். அதனால்தான் அவள் வீரலட்சுமியிடம் கறாராகச் சொன்னாள், ரோட்டுப் பக்கம் ஒரு திரிகூடப் போகக்கூடாது என்று. சரத்தை வேலிக்கு வெளியே உடைமரத்தில் தொங்கவிடச் சொன்னாள்.

"சத்தம் கேட்டு வண்டிக்காரவுக தப்பா நெனைச்சுக்கிட மாட்டாகளா மதினி?" என்று வீரலட்சுமி கேட்கத்தான் செய்தாள்.

"அது தகரச் சத்தம், இது காயிதச் சத்தம். ஆருக்குத் தெரியாது?"

இதுதான் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவர்களுக்கு வெடியெல்லாம் ஒன்றல்ல. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஓலைவெடி எது, அணுகுண்டு எது என்று சொல்லிவிடுவார்கள். இது எங்கள் கம்பெனிச் சரக்கு, அது திருத்தங்கல் சரக்கு என்று பந்தயம் கட்டுவார்கள். உலகத்தில் எல்லாருக்கும் அந்தக் காது உண்டு என்று வெள்ளைத்தாய் நம்பியிருந்தாள்.

அன்றைக்கு வெயில் இதமாக இருந்தது. வேலிக்கு வெளியே வெள்ளூரணியே திரண்டு நின்றது. கேட்டுக்கு வடக்கே பலகைக்குப் பக்கத்தில் சோலைச்சாமி பச்சைக்கொடியோடு நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கேட்டுக்குத் தெற்கே கொஞ்சதூரத்தில் உடைமரம். அங்கே சரம் தொங்கியது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதையே இல்லை. சந்தோஷப்படட்டும் என்றுதான் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

முதலில் தண்டவாளம் முனகியது. பிறகு துலுக்கபட்டிப் பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது. புகை இல்லை. அது பெரிதான வேகத்தைப் பார்த்து ஆண்கள்கூட ஒரு அடி பின்னால் போனார்கள். சோலைச்சாமியைத் தாண்டியது. பலகையைத் தாண்டியது. எந்த இடத்தில் வண்டிகள் காலங்காலமாக நொண்டினவோ அந்த இடத்தில் அது காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. வீரலட்சுமி திரியைப் பற்றவைத்தாள்.

சரத்தின் முதல் மூன்று வெடிகள் பெரியவை. எஞ்சின் உடைமரத்துக்கு நேராக வரும்போது மூன்றும் வெடித்தன.

அப்புறம் கேட்ட சத்தத்தை யாரும் மறக்கவில்லை. இரும்பு இரும்பைத் தேய்க்கிற அலறல். சக்கரங்களில் பொறி பறந்தது. பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக் குலுங்கின. உடைமரத்தில் சரம் பாட்டுக்குப் படபடவென்று வெடித்துக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த ஒருவராலும் முடியவில்லை. வண்டி ஓடைப்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. சரமும் அடங்கியது.

சோலைச்சாமி ஓடிவந்தார். கனகசபாபதியும் சேசுராஜும் பெட்டியிலிருந்து குதித்தார்கள். எஞ்சினியர் நெற்றியில் எதிலோ இடித்துப் புடைத்திருந்தது. உள்ளே அளவெடுக்கிற கருவிகள் உருண்டு கிடப்பதாகச் சொன்னார்கள். டிரைவர் பால்துரை எஞ்சினைவிட்டு இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அபாய வெடி கேட்டது, நிறுத்தினேன், ரோட்டில் என்ன கோளாறு என்று கேட்டார். உடைமரத்தைச் சுற்றிச் சிவப்பாகக் கிடந்த காகிதக் குப்பையைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் மற்றவர்களுக்கும் புரிந்தது.

"யார் வேலை இது?" என்றார் கனகசபாபதி. சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சோலைச்சாமி கொடியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி முன்னால் வந்தார். "என் ரோட்டுல நடந்திருக்கு. நான்தான் பொறுப்புங்கய்யா."

வெள்ளைத்தாய் வேலியைத் தாண்டி வந்தாள்.

"அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. சரம் கட்டுனது நான், கொளுத்தச் சொன்னதும் நான்."

"எதுக்கும்மா?"

"இம்புட்டு நல்லது நம்ம ஊருக்குள்ள வருது. சத்தங்காட்டாம எப்படி விடுறதுன்னுதான். அது எங்க வெடிதான்னு ஆருக்கும் தெரியும்னு நெனைச்சேன்."

பால்துரை அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "எனக்கு எல்லா வெடியும் ஒண்ணுதான் தாயி. வெடி கேட்டா நிக்கணும். வேலைல சேந்த அன்னைக்கே அதத்தான் சொல்லிக் குடுத்தாக."

வெள்ளைத்தாய் புருசனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வடக்கே, சாக்குப் போட்டு மூடியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையிலெல்லாம் நனைந்து அவர் சம்பாதித்ததைத் தான் ஒரு தீக்குச்சியில் கொளுத்திவிட்டது அவளுக்கு அப்போது முழுசாக உறைத்தது. செத்துவிடலாம் போல இருந்தது.

சேசுராஜ்தான் எஞ்சினியரின் கையைத் தொட்டு, கொஞ்சம் பின்னால் வந்து ரோட்டைப் பாருங்கள் என்றார். வண்டி பிரேக் பிடித்த இடத்துக்கு நடந்தார்கள். பெண்கள் தூரத்தில் நின்றார்கள். தண்டவாளத்தின் தலை சக்கரம் உரசி வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அத்தனை பாரம், அத்தனை வேகத்தில் இழுத்துப் பிடித்தால் கட்டைகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்ளும், ஜல்லி சிதறும், தண்டவாளம் பாம்பாக நெளியும். சேசுராஜ் குனிந்து கட்டைக்குக் கட்டை பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. சரளை கிடந்த இடத்தில் கிடந்தது.

சோலைச்சாமி சலவைச் சட்டையோடு படுத்துத் தண்டவாளத்தில் கன்னத்தை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். எழுந்து ஒதுங்கி நின்றார். கனகசபாபதி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி சேசுராஜிடம் கொடுத்தார். வெள்ளைக் கால்சட்டையோடு மண்டியிட்டு, அதே மாதிரி கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். எழுந்தபோது அவர் கன்னத்திலும் அதே கறுப்புக் கோடு இருந்தது.

"முழு வேகத்துல பிரேக் பிடிச்சுப் பார்க்கணும்னு ஒரு சோதனை பாக்கி இருந்துச்சு," என்றார். "இந்த மண்ணுல அதை வைக்க எனக்குத் தைரியம் இல்ல. அதுக்கு வேற ரோடு தேடிக்கிட்டிருந்தேன். இனி தேட வேண்டாம்." பிறகு சோலைச்சாமி பக்கம் திரும்பினார். "ஆனா தப்பு தப்புதான் மேஸ்திரி. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும்."

"வரட்டுங்கய்யா."

"வேக ஓட்டம் பாதியிலயே நின்னுபோச்சு. நாளைக்கு மறுபடி வரும். அதுல ரோடு தேறுனாத்தான் பலகைக்கு முடிவு. ஒரு சத்தம் கேக்கக்கூடாது."

அன்று பொழுது சாய்ந்து சோலைச்சாமி வீட்டுக்கு வந்தார். கூழையும் கருவாட்டையும் வைத்தாள். சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. கன்னத்துக் கறுப்பைத் துடைக்க முந்தானையை எடுத்தாள், அவர் தானே துண்டால் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளூரணி செய்த காரியம் மாதிரி ஒன்றை அந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. வேலிக்கு வெளியே நேற்றைவிட அதிக ஜனம் நின்றது. ஒரு சத்தம் இல்லை. நாய்களைக் கண்மாய்க்கு அப்பால் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். இருமல்காரர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தைகளுக்கு வாயில் கருப்பட்டி. பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வரிசையாக, முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வெடியும் குலவையுமாகவே எல்லா நல்லதையும் வரவேற்றுப் பழகிய ஜனம், அந்த ரயிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைவிடப் பெரிய மரியாதை அவர்களால் யாருக்கும் செய்ய முடியாது.

வண்டி வந்தது. பலகையிடம் குறையவில்லை, கேட்டில் குறையவில்லை. உடைமரம் வேரோடு ஆடியது. சேலைகள் பின்னால் பறந்தன. பெட்டிகளை எண்ணப் பார்த்த வெள்ளைத்தாய்க்கு இரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. எஞ்சினிலிருந்து ஒரு கை உயர்ந்தது மட்டும் தெரிந்தது, அது பால்துரையின் கை. ஓடைப்பாலம் ஒரு முறை அதிர்ந்தது. அப்புறம் சாத்தூர்ப் பக்கம் ஒரு புள்ளி. அப்புறம் வெறும் தண்டவாளம், வெயிலில் நேராக. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குக் கண்ணீர் வந்தது.

முந்தானையை யாரும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"மதினி," என்று வீரலட்சுமி கிசுகிசுத்தாள், "இனிப் பேசலாமா?"

சாயங்காலம் சேசுராஜ் டிராலியில் திரும்பி வந்தார். கனகசபாபதிக்கு ரொம்பத் திருப்தி என்றார். வெள்ளூரணி நேர்ரோடு என்றே அவர் எழுதிக்கொண்டாராம், நொண்டி என்கிற பேர் இனிமேல் எங்கும் வராது என்றார். பிறகு சோலைச்சாமியிடம், பலகையைப் பிடுங்குங்கள் மேஸ்திரி, உங்கள் கையாலேயே பிடுங்குங்கள் என்றார்.

சோலைச்சாமி சாக்கை எடுத்துவிட்டுக் கடப்பாரையைப் போட்டு நெம்பினார். எத்தனையோ மழையைப் பார்த்த கம்பு, லேசில் வரவில்லை. கேங் ஆட்கள் உதவிக்கு வந்தார்கள். அவர் அவர்களைக் கையமர்த்திவிட்டு, வேலி ஓரமாக நின்ற பெண்சாதியைப் பார்த்தார்.

"நீ வந்து ஒரு கை பிடி."

நேற்றிலிருந்து அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வெள்ளைத்தாய் வந்து பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அசைத்து அசைத்துப் பிடுங்கிக் கீழே சாய்த்தார்கள். குழியில் அவளே ஒரு கூடை சரளையைக் கொட்டி மிதித்தாள்.

பொழுது இறங்குகிற நேரம் வழக்கமான பாசஞ்சர் வந்தது. பழைய எஞ்சின், பழைய பெட்டிகள். ஆனால் பலகை இல்லாததால் வேகம் குறைக்கவில்லை. வீடே கிடுகிடுத்தது. இத்தனை வருசமும் ரயில் பக்கத்திலேயே ஊர்ந்துபோனாலும் ஒரு பாத்திரம் அசைந்ததில்லை. அன்றைக்குச் சுவரோரப் பலகையில் அடுக்கியிருந்த புதுப் பானை நகர்ந்து நகர்ந்து, விளிம்புக்கு வந்து, கீழே விழுந்து உடைந்தது.

"பானை போச்சு," என்றாள் வெள்ளைத்தாய்.

"போகட்டும்," என்றார் சோலைச்சாமி. சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அடுப்படி ஓட்டாஞ்சல்லிக்கு நடுவில் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். முந்தின நாள் சரத்தில் வெடிக்காமல் அறுந்து விழுந்த துண்டு. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இனி எப்ப வண்டி?"

சோலைச்சாமி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். ரோட்டில் ஏறி நின்று வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். பிறகு முழங்காலிட்டுத் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டார். அவள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் காத்திருந்தாள்.

அவர் எழுந்து, கன்னத்துக் கறுப்போடு அவளைப் பார்த்துத் திரும்பினார்.

"வண்டி இல்ல புள்ள. கொளுத்து."